ரப்பர் பாய்க்குத் தோஷமில்லை

அடையாறில் எலும்பு டாக்டர் என்னைக் குப்புறப் படுக்கச் சொன்னார். படுத்தேன். முதுகில் அங்கங்கே அழுத்தி, "இங்க வலிக்குதா, இங்க வலிக்குதா" என்று கேட்டுக்கொண்டே போனவர், கொஞ்ச நேரமாகப் பதில் வராததைக் கவனித்திருக்கிறார். நான் தூங்கிப் போயிருந்தேன். நர்ஸ் தோளைத் தட்டி எழுப்பினாள். டாக்டர் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. "உங்க வயசு லேடீஸ் நிறையப் பேர் இந்த டேபிள்ல தூங்கியிருக்காங்க" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார்.

எலும்பில் ஒன்றுமில்லையாம். உட்கார்ந்து உட்கார்ந்து, நின்று நின்று, தூக்கித் தூக்கி முதுகுத் தசை இறுகிப் போயிருக்கிறதாம். மாத்திரையெல்லாம் வேண்டாம், எளிமையான யோகா போதும் என்றார். "தினமும் இருபது நிமிஷம். உங்களுக்குன்னு ஒரு இருபது நிமிஷம் ஒதுக்கிக்குங்க." எங்கிருந்து ஒதுக்குவது என்று கேட்கலாமா என நினைத்தேன். அவர் எலும்பு டாக்டர். அது அவர் பாடத்தில் இல்லை.

எங்கள் வீடு மயிலாப்பூரில், குளத்திலிருந்து இரண்டு தெரு தள்ளி, மூன்றாவது மாடி. மாமியார், கணவர், ஒரே மகள், நான். எனக்குத் தேனாம்பேட்டையில் ஓர் அலுவலகத்தில் வேலை. காலையில் பால், காபி, டிபன், எல்லோருக்கும் மதியச் சாப்பாடு. சாயங்காலம் வந்ததும் மறுபடி முதலிலிருந்து. இதில் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. இதைப் படிக்கிறவர்களில் பாதிப் பேர் அடுப்பில் எதையோ வைத்துவிட்டுத்தான் படித்துக்கொண்டிருப்பார்கள். என் வீட்டு மனிதர்கள் கெட்டவர்கள் இல்லை. கடுகு எங்கே இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாது, அவ்வளவுதான். கடுகு எனக்குக் கல்யாணமான நாளிலிருந்து ஒரே இடத்தில்தான் இருக்கிறது.

மந்தைவெளியில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் மொட்டை மாடியில், சனிக்கிழமை காலைகளில், வேலைக்குப் போகும் அம்மாக்களுக்கு யோகா வகுப்பு நடந்தது. சேர்ந்தேன். டீச்சர் ஐம்பது வயதுக்காரர். உடம்பை வில்லாக வளைப்பதில் அவருக்கு ஆர்வமில்லை. பூனை மாதிரி நாலு காலில் நின்று முதுகை மேலே தூக்குவது, பிறகு கீழே தொய்யவிடுவது. முட்டி போட்டு மடங்கி நெற்றியைத் தரையில் வைப்பது. கடைசியில் சுவரில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு சும்மா கிடப்பது. "இது போதும்மா. இதை ஒழுங்கா பண்ணினாலே பெரிய விஷயம்" என்பார். சும்மா கிடக்கும் கட்டத்தில் பாதி வகுப்பு தூங்கிவிடும். குறட்டை கேட்டால் அவர் குரலைத் தாழ்த்திக்கொள்வார். நல்ல மனுஷி.

வாரத்தில் ஒருநாள் வகுப்பு, மீதி நாள் வீட்டில் செய்ய வேண்டும் என்பது ஏற்பாடு. முதல் நாள் விடிகாலையில் ஹாலில் பாயை விரித்து, பூனையாக நின்றேன். மாமியார் குளித்துவிட்டு வந்தார். என்னைப் பார்த்தார்.

"என்ன தொலைஞ்சுபோச்சு? திருகாணியா?"

நான் மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டிருந்ததால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. அதற்குள் அவர் குனிந்து சோபாவுக்கு அடியில் தேட ஆரம்பித்துவிட்டார். "அவ தோட்டுத் திருகாணியைக் காணோமாம், வாடா" என்று மகனைக் கூப்பிட்டார். என் கணவர் போனில் டார்ச் போட்டுக்கொண்டு வந்தார். வீட்டு வேலைக்குப் பட்டினப்பாக்கத்திலிருந்து வருகிறவள் துடைப்பத்தை வைத்துவிட்டு அவளும் குனிந்தாள். "பெருக்கிக்கினே வந்தேன்க்கா, ஒண்ணும் கண்ல படலியே" என்றாள். எதுவும் தொலையவில்லை, இது யோகா என்று நான் சொன்னபோது எல்லோரும் நாலு காலில் இருந்தார்கள். எழுந்து நின்ற பிறகும் மாமியார் என் இரண்டு காதையும் ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

அடுத்த நாள் படுக்கையறையில் முயன்றேன். நெற்றியைத் தரையில் வைத்திருந்தபோது, நீலச் சட்டை இஸ்திரிக்குப் போயிருக்கிறதா என்று கணவர் கேட்டார். சுவரில் காலைத் தூக்கி வைத்திருந்தபோது, மகள் என் போனைக் கொண்டுவந்து காதில் வைத்தாள். கேஸ் ஏஜென்சி. வேலைக்கு வருகிறவள் பக்கெட்டோடு நின்றாள். "தொடைக்கணும்க்கா. அப்டியே கொஞ்சம் உருண்டுக்கினீங்கன்னா இந்தப் பக்கம் முடிச்சிடுவேன்." உருண்டேன். உருளும்போது முதுகுக்கு இதமாகத்தான் இருந்தது.

இப்படியே ஒரு மாதம் போயிற்று. பிறகு அந்த மூன்று நாள் வந்தது.

எங்கள் வீட்டுப் பழக்கம் ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். விலக்கான மூன்று நாளும் நான் சமையலறைக்கும் பூஜை அலமாரிக்கும் போகக்கூடாது. பின்பக்கம் வாஷிங் மெஷின் இருக்கும் சின்ன அறையில் தனிப் பாய், தனித் தட்டு, தனிச் சொம்பு. யாரையும் தொடக்கூடாது, யாரும் தொடமாட்டார்கள். எங்கள் பக்கத்தில் இதை 'தூரம்' என்றும் 'உக்காந்துக்கறது' என்றும் சொல்வார்கள். இந்தக் காலத்திலா என்று கேட்பீர்கள். இந்தக் காலத்தில்தான். லிஃப்ட் இருக்கிற கட்டடத்தில்தான்.

இத்தனைக்கும் ஆபீஸ் போகலாம், பஸ் ஏறலாம், பாண்டி பஜாரில் ஜாக்கெட் துணி எடுக்கலாம். அதற்கெல்லாம் தடையில்லை. கல்யாணமான புதிதில் மாமியாரிடம் இதைக் கேட்டிருக்கிறேன். பஸ்ஸில் எல்லோரையும் இடித்துக்கொண்டுதானே போகிறேன், அங்கே ஒட்டாதது இங்கே ஏன் ஒட்ட வேண்டும் என்று. அவர் யோசிக்கவே இல்லை. "பஸ்ல யாருக்கு என்னன்னு நமக்குத் தெரியாது. ஆத்துல தெரியும்" என்றார். அதற்கு மேல் வாதாட என்ன இருக்கிறது?

என் பிறந்த வீடு அடையாறில். அம்மா வேலைக்குப் போகிறவர். அங்கே இந்தப் பழக்கமெல்லாம் கிடையாது. அதனால் புகுந்த வீட்டில் முதல் மாதம் அந்த அறையில் உட்காரச் சொன்னபோது எனக்குப் பெரிய அவமானமாக இருந்தது. மூன்று நாளும் அழுதேன். மாமியார் வேளாவேளைக்குத் தட்டைக் கொண்டுவந்து நிலைப்படியில் வைப்பார். முகம் கொடுத்து ஒரு வார்த்தை பேசமாட்டார். அவருக்கு அப்போது ஐம்பது வயது. அந்தக் கோபமான முகத்தை என் அம்மாவிடம் போனில் வர்ணித்து வர்ணித்து அழுதேன். பிறகு அழுகை நின்றுவிட்டது. வருஷக்கணக்கில் அது ஒரு தொந்தரவாக, மாதாந்திர மின்வெட்டு போல, வந்து போய்க்கொண்டிருந்தது.

யோகா ஆரம்பித்த பிறகு வந்த அந்த மூன்று நாளில், வழக்கம்போல் பின் அறைக்குப் போனேன். ஆபீஸிலிருந்து வந்தால் நேரே அந்த அறை. கதவைச் சாத்திக்கொண்டேன். செய்ய ஒன்றுமில்லாததால் பூனையாக நின்றேன். முதுகைத் தூக்கினேன், தொய்யவிட்டேன். யாரும் வரவில்லை. நெற்றியைத் தரையில் வைத்தேன். யாரும் எதுவும் கேட்கவில்லை. வாஷிங் மெஷினுக்கும் ஜன்னலுக்கும் நடுவில் கொஞ்சம் வெறும் சுவர் இருந்தது. காலைத் தூக்கி அதில் வைத்தேன். மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அது நான் வாங்கிய மின்விசிறிதான். அதைக் கீழேயிருந்து அப்போதுதான் முழுசாகப் பார்க்கிறேன்.

சமையலறையில் குக்கர் சத்தம் போட்டது. ரசத்துக்குத் தாளிக்கும் வாசனை வந்தது. யாரோ கடுகைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். மாமியார் சமைத்தார். என் கணவர் காய் நறுக்கினார், காபி போட்டார், மறுநாள் காலை மகளுக்குத் தலைகூடப் பின்னிவிட்டார். கோணலாக இருந்தது, ஆனால் பின்னல்தான். என் வீடு நான் இல்லாமல் நடக்கத் தெரிந்த வீடு. அதற்கு நான் தீட்டாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அதைவிடப் பெரிய வசதி ஒன்று இருந்தது. இந்த விஷயத்தில் ஆண்கள் கேள்வி கேட்கக்கூடாது. நான் பாயை எடுத்துக்கொண்டு பின்பக்கம் நடந்தால் போதும், என் கணவர் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு அரிசி களையப் போய்விடுவார். ஏன், எதற்கு, இன்னும் எத்தனை நாள் என்று ஒரு சொல் கிடையாது. அந்த மனிதர் என்னிடம் கேள்வி கேட்காமல் இருப்பது மாதத்தில் அந்த மூன்று நாள்தான். எனக்கு அந்த அறை ரொம்பப் பிடித்துப்போனது.

சனிக்கிழமை வகுப்பில் டீச்சர், "அந்த மூணு நாள் மட்டும் பண்ண வேண்டாம்மா, ரெஸ்ட் எடுத்துக்குங்க" என்றார்.

"அந்த மூணு நாள் மட்டும்தான் பண்ண முடியறது" என்றேன்.

மயிலாப்பூர் அம்மாக்களை டீச்சருக்குப் பழக்கம்தான். "சரி. அப்ப தலைகீழா நிக்கறது, வயித்தை முறுக்கறது அதெல்லாம் வேண்டாம். மத்ததைச் செய்ங்க" என்றார். தலைகீழாக நிற்பதை நான் மற்ற நாட்களுக்கு வைத்துக்கொண்டேன்.

பின் அறையில் இருந்த கோரைப்பாய் முட்டியில் குத்தியது. தி.நகரில் ஒரு கடையில் யோகா பாய் வாங்கினேன். ஊதா நிறம், வழுக்காத ரப்பர். வீட்டுக்குக் கொண்டுவந்ததும் அது மாமியாரின் விசாரணைக்குப் போயிற்று. சாஸ்திரப்படி சில துணிக்குத் தீட்டு ஒட்டும், சிலதுக்கு ஒட்டாது. பருத்தி என்றால் நனைத்தாக வேண்டும். பட்டுக்கும் கம்பளிக்கும் அவ்வளவு கெடுபிடி இல்லை. ரப்பரைப் பற்றிப் பெரியவர்கள் யாரும் சொல்லி வைக்கவில்லை. மாமியார் பாயை விரலால் தடவிப் பார்த்தார், மடக்கிப் பார்த்தார், முகர்ந்தும் பார்த்தார்.

"தண்ணி ஊறாதே. நாலாம் நாள் தெளிச்சா போறும். தோஷமில்லை" என்றார்.

அன்றிலிருந்து அந்தப் பாய்க்கு எங்கள் வீட்டில் ஒரு மதிப்பு வந்துவிட்டது.

வலி குறைந்தது. வகுப்பு போக மாதத்தில் மூன்று நாள் யோகாவுக்கு வலி குறையுமா என்று டாக்டர் சந்தேகப்பட்டார். யோகாவா, மூன்று நாள் யாரும் என்னைக் கூப்பிடாததா, எது வேலை செய்தது என்று எனக்கும் தெரியாது. ஆராய்ச்சி செய்ய நான் தயாராக இல்லை. இருப்பதைக் கெடுத்துக்கொள்ளக்கூடாது என்றுதான் நினைத்தேன்.

கெடுக்க வந்தவள் என் மகள். மகளுக்கு இந்த விதி கிடையாது. வயதுக்கு வந்தபோது "நான் உட்கார மாட்டேன் பாட்டி" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டாள். படிக்கிற பெண், பரீட்சை இருக்கிறது என்று மாமியார் விட்டுவிட்டார். பொதுத்தேர்வு என்றால் எங்கள் வீட்டில் தெய்வமே கொஞ்சம் தள்ளி நிற்கும். ஆனால் பிளஸ் ஒன் வந்ததும் அவளுக்கு என் உரிமைகளில் அக்கறை வந்துவிட்டது. ஒருநாள் ராத்திரிச் சாப்பாட்டின்போது பாட்டியைப் பிடித்துக்கொண்டாள்.

"பாட்டி, அம்மாவை அந்த ரூம்ல உக்கார வெக்கறது அநியாயம். இது தீண்டாமை. சட்டப்படி தப்பு."

நான் சாதத்தைப் பிசைவதை நிறுத்தினேன்.

"நான் கட்டாயப்படுத்தலையே" என்றார் மாமியார்.

"அப்ப நிறுத்திடலாமே. இந்த மாசத்துலேர்ந்தே நிறுத்திடலாம்."

மாமியார் மோரை ஊற்றிக்கொண்டார். "அவளுக்கு வேண்டாம்னா விட்டுடலாம். எனக்கென்ன வந்தது."

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். இருபத்திரண்டு வயதில் நான் கனவு கண்ட விடுதலை, மோர் சாதத்துக்கு நடுவில், கேட்காமலே வந்து நிற்கிறது.

"பழகிடுத்து. இருந்துட்டுப் போகட்டும்" என்றேன்.

மகள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். உன்னை மாதிரி ஆட்களால்தான் நாடு இப்படி இருக்கிறது என்கிற பார்வை. என் கணவர் என்னைப் பெருமையாகப் பார்த்தார். அந்த வாரம் முழுவதும் தன் அக்காவிடம் போனில், இந்தக் காலத்தில் இப்படி ஒருத்தி உண்டா என்று சொல்லிக்கொண்டிருந்தார். மாமியார் மட்டும் என்னை ஒரு விநாடி கூடுதலாகப் பார்த்துவிட்டு ஊறுகாய் எடுத்தார்.

அதற்குப் பிறகு என் உடம்பே கெடுத்துவிட்டது. ஒரு மாதம் வரவில்லை. அடுத்த மாதம் வந்தது, பிறகு இரண்டு மாதம் இல்லை. பிறகு நின்றுவிட்டது. டாக்டரம்மா பரிசோதித்துவிட்டு, "முடிஞ்சாச்சு. இனிமே நிம்மதி" என்றார். ஆபீஸில் பக்கத்து மேஜைக்காரி கையைப் பிடித்துக் குலுக்கினாள். "குடுத்து வெச்சவங்க நீங்க. இனி ஒரு தொல்லை இல்ல" என்றாள். வேலைக்கு வருகிறவளிடம் பேச்சுவாக்கில் சொன்னேன். "உங்களுக்காச்சும் மூணு நாள் இருந்திச்சு, இல்லாம போச்சுன்னு கவலைப்படறீங்க. எங்க ஊட்ல அன்னிக்கும் நாந்தான் தண்ணி புடிக்கணும்" என்றாள். நியாயம்தான். இருந்தும் அன்றைக்கு ஷேர் ஆட்டோவில் வரும்போது எனக்கு அழுகை வந்தது. வயதாகிவிட்டதே என்று அழவில்லை. என் அறை போய்விட்டதே என்று அழுதேன். எதிரில் உட்கார்ந்திருந்த பெண் எனக்கு ஏதோ துக்கம் என்று நினைத்துக் கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்தாள்.

இரண்டு மாதம் தள்ளினேன். ஊதாப் பாய் பீரோவுக்குப் பின்னால் சுருண்டு நின்றது. முதுகு பழையபடி பிடித்துக்கொண்டது. ஒருநாள் காலை குனிந்து தோசைக்கல்லை எடுத்தவள் நிமிர முடியாமல் அப்படியே நின்றேன். பின்னாலிருந்து என் கணவர், டிபன் பாக்ஸ் மூடி எங்கே என்று கேட்டார். மூடி அவர் கையில்தான் இருந்தது. நான் தோசைக்கல்லைக் கீழே வைத்தேன். மெதுவாக நடந்து போய் பீரோவுக்குப் பின்னாலிருந்து பாயை எடுத்தேன். யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பொய்யும் சொல்லவில்லை. பாயை எடுத்துக்கொண்டு பின்பக்கம் நடந்தேன், அவ்வளவுதான்.

என் கணவர் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். மாமியார் ஹாலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார், பாயைப் பார்த்தார், பேப்பரை மடித்து வைத்துவிட்டு சமையலறைக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் நிலைப்படியில் காபி வந்தது.

அப்படியே அதன்பிறகு மாதா மாதம். ஏறக்குறைய பழைய கணக்கிலேயே உட்கார்ந்தேன். நாலாம் நாள் தலைக்குக் குளித்து, பாயில் தண்ணீர் தெளித்து, முறை தவறாமல் வீட்டுக்குள் வந்தேன். முதுகும் சரியாயிற்று.

மாமனாரின் திவசம் வந்தது. வருஷத்தில் அந்த ஒருநாள் சமையலில் விளையாட முடியாது. வாத்தியார் வருவார், பிராமணர்களுக்கு இலை போட வேண்டும். முதல்நாளே உலர்த்தி யாரும் தொடாமல் வைத்த மடிப்புடவையைக் கட்டிக்கொண்டு வீட்டு மருமகள்தான் சமைக்க வேண்டும். மருமகள் விலக்கு என்றால் வெளியே ஆள் பார்த்தாக வேண்டும். அதனால் முன்கூட்டியே கேட்டுவைப்பது வழக்கம். ஒரு பத்து நாள் முன்னால், நான் வாழைப்பூ ஆய்ந்துகொண்டிருந்தபோது, மாமியார் எதிரில் வந்து உட்கார்ந்தார். வீட்டில் வேறு யாரும் இல்லை.

"திவசம் வெள்ளிக்கிழமை வரது" என்றார்.

"ஆமாம்மா."

என் பழைய கணக்குப்படி அந்த மாதம் நான் உட்கார வேண்டியதும் வெள்ளிக்கிழமைதான். வராது என்றால் ஏன் வராது என்ற கேள்வி. வரும் என்றால் வெளி ஆள், செலவு, மாமியாருக்கு மனக்குறை. எப்படிச் சொன்னாலும் வம்புதான். வாழைப்பூவில் நரம்பு எடுப்பதில் எனக்கு அவ்வளவு கவனம் அதற்கு முன் இருந்ததில்லை.

மாமியாரும் ஒரு பூவை எடுத்து நரம்பை உருவினார்.

"வெள்ளிக்கிழமை நீ சமைச்சுடு. சனிக்கிழமைலேர்ந்து உக்காந்துக்கோ."

என் கையில் இருந்த பூ கிண்ணத்துக்கு வெளியே விழுந்தது. அவர் அதை எடுத்து உள்ளே போட்டார்.

"உங்களுக்கு எப்போலேர்ந்து தெரியும்?" என்று கேட்டேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

"எனக்குத் தெரியாதா? நானும் அதானே பண்ணினேன்."

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். அவருக்கு நாற்பத்தேழு வயதிலேயே நின்றுவிட்டதாம். அதன்பிறகும் மாதா மாதம் அந்த அறையில் போய் உட்கார்ந்திருக்கிறார். மாமனாருக்குக் கடைசி வரைக்கும் தெரியாதாம். கேட்கக்கூடாது இல்லையா.

"உள்ளே என்னம்மா பண்ணுவேள்?"

"ஒண்ணும் பண்ண மாட்டேன்" என்றார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு சந்தோஷம் வந்தது. இத்தனை வருஷத்தில் அந்த முகத்தில் நான் பார்த்திராத சந்தோஷம்.

"அப்புறம் ஏன் விட்டுட்டேள்?"

"நீ வந்துட்டியே. ரெண்டு பேரும் உக்காந்துண்டா ஆத்துல யார் சமைக்கறது?" இன்னொரு பூவை எடுத்தார். "முதல் மாசம் நீ உள்ளே போய் உக்காந்துண்டு அழுதே. எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. நான் அடுப்புல வேகறேன். இவளுக்கு அந்த ரூம் கெடச்சிருக்கு, அழறாளே பைத்தியம்னு."

நிலைப்படியில் தட்டை வைத்துவிட்டு முகம் கொடுக்காமல் திரும்பின ஐம்பது வயதுப் பெண்ணை நினைத்துக்கொண்டேன். நான் உட்கார்ந்த ஒவ்வொரு மூன்று நாளும் அடுப்படியில் நின்றது அவர்தான். இப்போது எழுபத்துநாலு வயதிலும் அவர்தான் நிற்கிறார். மூச்சை இழுத்துக்கொண்டு மின்விசிறியைப் பார்த்துக் கிடந்தபோது எனக்கு அது தோன்றவே இல்லை.

"இது தப்பில்லையாம்மா?" என்று மட்டும் கேட்டேன்.

ரப்பர் பாய்க்குச் செய்த மாதிரியே ஒரு கணம் யோசித்தார். "தூரமா இருந்துண்டு இல்லேன்னு சொன்னாத்தான் பாவம். ஒண்ணும் இல்லாம போய் உக்காந்துண்டா யாருக்கு என்ன? தோஷமில்லை."

வெள்ளிக்கிழமை திவசம் குறையில்லாமல் நடந்தது. மடிசாரைக் கட்டிக்கொண்டு விடிகாலையிலிருந்து சமைத்தேன். பாகற்காய், புடலங்காய், பிரண்டைத் துவையல், எள்ளுருண்டை, வடை, எல்லாம். எழுபத்துநாலு வயதில் அவர் என் பக்கத்திலேயே நின்றார். சாயங்காலம் கடைசிப் பாத்திரத்தைக் கவிழ்த்தபோது இரண்டு பேருக்கும் இடுப்பு இருக்கிற இடம் தெரியவில்லை.

சனிக்கிழமை காலை பாயை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனேன். என் கணவர் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். ஊதாப் பாயை விரித்து நான் உட்கார்வதற்குள் வாசலில் நிழல் தெரிந்தது. மாமியார். கக்கத்தில் பழைய கோரைப்பாய், கையில் ஒரு சொம்பு.

"உன் ரப்பரைக் கொஞ்சம் தள்ளிப் போடு" என்றார்.

பிறகு திரும்பி ஹாலில் நின்ற தன் மகனைப் பார்த்து, சாதாரணக் குரலில், "நானும் உக்காந்துண்டாச்சு" என்றார்.

என் கணவருக்கு வயது ஐம்பத்திரண்டு. பி.எஸ்சி. படித்தவர். வாயைத் திறந்தார். அம்மாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எழுபத்துநாலு வயதில் எப்படி என்று அவர் மனதில் ஓடியது முகத்தில் தெரிந்தது. ஆனால் ஆண்கள் கேட்கக்கூடாது. அதைச் சின்ன வயதிலிருந்து அவருக்குச் சொல்லி வளர்த்தவரே எதிரில் நிற்கிறார். கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். பின்னால் வந்து நின்ற மகள், "அப்பா, பாட்டிக்கு எப்படி..." என்று ஆரம்பித்தாள். "பேசாம வா. அரிசி எத்தனை ஆழாக்குன்னு பாக்கலாம்" என்று அவளைக் கூட்டிக்கொண்டு போனார்.

நான் கதவைச் சாத்தினேன். சுவரில் காலைத் தூக்கி வைப்பது மாமியாருக்கு முடியவில்லை. பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து, அதன் மேல் அவர் கால்களை வைத்துக்கொள்ளச் சொன்னேன். நான் சுவரில் வைத்துக்கொண்டேன். மேலே மின்விசிறி சுற்றியது. இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டு கிடந்தோம்.

"இதான் யோகாவா?" என்று கேட்டார்.

"இதான்மா."

"இதை நான் அப்பவே பண்ணிண்டிருந்தேனே" என்றார்.

சமையலறையில் ஏதோ உருண்டு விழுந்தது. பிறகு என் கணவரின் குரல் வந்தது. "கடுகு எங்கே இருக்கு?"

பழக்கம். நான் பதில் சொல்ல வாயைத் திறந்துவிட்டேன். மாமியார் கண்ணை மூடியபடியே கையை நீட்டி என் கையைப் பிடித்து அழுத்தினார். அந்த அறையில் அவர் என்னைத் தொட்டது அதுதான் முதல் தடவை. கையை எடுக்கவில்லை. நான் வாயை மூடிக்கொண்டேன். உள்ளே டப்பாக்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.